கழுதை வரும் காட்சி

நெவில்: ...சொன்னா கேளும்மா கெரி, அது ஓடாது. அந்த டிவிடி பெட்டி போன மாசமே செத்துப்போச்சு.

கெரி: முந்தாநாள் அம்மா இதுலதானே உடற்பயிற்சி டிவிடி போட்டுப் பார்த்தா?

லொரெய்ன்: பார்த்தேன்தான்... ஆனா சத்தம் வரலை. சத்தமில்லாமத்தான் குனிஞ்சு நிமிர்ந்தேன்.

கெரி: இப்ப சத்தமும் வருது, பச்சை விளக்கும் எரியுது. அப்பா, நகரு. டிவிக்கு முன்னால தூண் மாதிரி நிக்காதே.

நெவில்: மழை பெய்யுதே... வெளியில துணி கிடக்கா?

கெரி: காலையிலேருந்து பெய்யுது. துணியெல்லாம் உள்ள ஹீட்டர் மேலதான் கிடக்கு. உன் பனியன் என் மூக்குக்கு நேரா தொங்குது. உக்காருப்பா! இந்த ஒரு டிவிடிக்காக நான் என்ன பாடுபட்டிருக்கேன் தெரியுமா? 'பரவாயில்லை, பிம்லாட்', அந்தக் காலத்து டிவி சிரிப்பு நாடகம், மொத்தம் பதிமூணு பகுதி. டேப்பெல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருந்தாங்க. யாரோ ஒரு ரிடையர்டு எஞ்சினியர் வீட்டுப் பரண்ல...

லொரெய்ன்: அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா?

கெரி: என்னம்மா?

லொரெய்ன்: இல்ல... இத்தனை வருஷமா பரணைச் சுத்தம் பண்ணாம வெச்சிருக்காரேன்னு சொன்னேன்.

கெரி: அப்பாவோட அறுபத்தேழாவது பிறந்தநாளுக்கு வேற என்ன குடுக்க முடியும்? என் அப்பா நடிச்ச ஒரே நாடகம்!

நெவில்: நடிக்கல்லாம் இல்ல. நின்னேன். சும்மா... நின்னேன்.

கெரி: பார்றா, அடக்கத்தை! பப்புல இப்படியா சொல்லுவே? நான் அஞ்சு வயசிலேருந்து கேக்கறேன். கடற்கரை பஸ் ஸ்டாப்பு, வரிசையில மூணாவது ஆளு, கையில சிப்ஸ் பொட்டலம். பிம்லாட் கழுதையை இழுத்துக்கிட்டு வர்றான். கழுதை உன் சிப்ஸைத் தின்னுடுது.

லொரெய்ன்: ஆரம்பத்துல சிப்ஸ் மட்டும்தான் தின்னுச்சு. நீ பொறந்தப்புறம் தொப்பியையும் தின்னுச்சு. நீ காலேஜ் போனப்போ விரலையும் கடிச்சுடுச்சு.

நெவில்: தழும்பு இருக்கே! பாரு!

லொரெய்ன்: அது மாட்டுக்கறி டின்னைத் தொறக்கறப்போ கிழிச்சுக்கிட்டது. நான்தான் கட்டுப் போட்டேன்.

கெரி: அதான் சொல்றேன், எல்லாச் சந்தேகமும் இன்னிக்குத் தீர்ந்துடும். அப்புறம் சனிக்கிழமை, பந்து உருட்டி விளையாடற கிளப்புல, பெரிய திரை கட்டி...

நெவில்: என்ன திரை? எதுக்குத் திரை?

கெரி: சொல்லாம வெச்சிருந்தேன். நாப்பது பேர் வர்றாங்க. போஸ்டர்கூட ஒட்டியாச்சு. 'கிளீதார்ப்ஸ் நகரின் நட்சத்திரம் நெவில் ஆட்லிங் நேரில் தோன்றுகிறார்'.

நெவில்: ஐயோ.

கெரி: சந்தோஷமா?

நெவில்: ...ரொம்ப.

லொரெய்ன்: இன்னும் கேக்கே வெட்டலையே! முதல்ல கேக்கு, டீ. சாவகாசமா பேசிக்கிட்டிருப்போம். இந்தப் படத்தை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

கெரி: என்ன நடக்குது இங்க? ஜன்னலைத் தொறக்கறதா மூடறதான்னே மூணு நாள் சண்டை போடுவீங்க. இன்னிக்கு என்ன ரெண்டு பேரும் ஒரே கட்சி?

நெவில்: வயசாயிடுச்சு. சண்டை போடத் தெம்பில்ல.

கெரி: சரி, நான் சனிக்கிழமை பேசப்போறதை எழுதி வெச்சிருக்கேன். படிக்கறேன், தப்பு இருந்தா சொல்லுங்க. படத்தை அப்புறம் போடறேன்.

நெவில்: படி படி. மெதுவாப் படி. ரெண்டு தடவை படி.

கெரி: 'அன்பான நண்பர்களே! 1981, செப்டம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் அம்மா லொரெய்னைப் பெண் கேட்டு என் அப்பா நெவில் வர வேண்டிய நாள். நாலு மணிக்கு டீ. தாத்தா கோட்டு போட்டுத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்...'

லொரெய்ன்: ஞாயித்துக்கிழமையில கோட்டு போட்டா அவருக்கு யாரையாவது அடிக்கணும்னு அர்த்தம். அதையும் சேர்த்துக்கோ.

கெரி: தாத்தாவுக்கு அப்பாவைப் பிடிக்கவே பிடிக்காதா?

நெவில்: பிடிக்காதாவா? 'உதவாக்கரை'ன்னு ஒரு வார்த்தை இருக்குன்னே அவர் வாயாலதான் நான் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு வருஷத்துல நாலு வேலை மாத்திட்டேனாம்.

லொரெய்ன்: மாத்தலை. துரத்தினாங்க.

நெவில்: பிம்லாட்டையும்தான் வாரா வாரம் துரத்தினாங்க! தபால் ஆபீஸ்ல துரத்தினாங்க, சர்க்கஸ்ல துரத்தினாங்க. உங்கப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். 'பாவம்டி, நல்ல மனுஷன்'னு கண்ணைத் தொடைச்சுக்குவார். அதே மாதிரி ஒருத்தன் வாசல்ல வந்து நின்னா மட்டும் கதவைச் சாத்துவார்.

லொரெய்ன்: அது என்னவோ உண்மை. செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு எங்க வீட்ல யாரும் இருமக்கூடாது. பிம்லாட் வந்துட்டான்னு அர்த்தம்.

கெரி: அதுக்குத்தான் வர்றேன். 'நாலு மணி ஆயிற்று. அப்பா வரவில்லை. ஐந்து ஆயிற்று, ஆறு ஆயிற்று. ஏழு மணிக்குக் கையில் பூங்கொத்தோடு வந்து கதவைத் தட்டினார். தாத்தா எழுந்து சட்டைக் கையை மடிக்கிறார். அப்போது அப்பா சொன்னார்: மன்னிக்கணும் சார், கடற்கரையில பிம்லாட் படப்பிடிப்பு, என்னைப் பிடிச்சு வரிசையில நிக்க வெச்சுட்டாங்க.'

லொரெய்ன்: சட்டைக் கையை இறக்கி விட்டுட்டு, 'பிம்லாட்டை நேர்ல பார்த்தியா? குட்டையா இருப்பானா?'ன்னு கேட்டார்.

நெவில்: கழுதை, சிப்ஸு, எல்லாம் சொன்னேன். எனக்குத் தன் நாற்காலியைக் குடுத்தார். அந்த நாற்காலியில பூனைகூட உக்காந்ததில்ல.

கெரி: 'அன்று முடிவானது கல்யாணம்.' எப்படி இருக்கு? கைதட்டுவாங்க இல்ல? அப்புறம் ஆன்டெனா கதை. 'அடுத்த மார்ச் மாதம் அந்தப் பகுதி ஒளிபரப்பானது. தாத்தா வீட்டு ஹாலில் பாதித் தெரு. கழுதை வருவதற்குச் சரியாக ஒரு நிமிடம் முன்பு டிவியில் பனிப்புயல்! அப்பா கூரை மேல் ஏறி உயிரைக் கொடுத்து ஆன்டெனாவைத் திருப்பினார். ஆனால் அவர் சரிசெய்வதற்குள் காட்சி முடிந்துவிட்டது. இன்று வரை எங்கள் வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை.'

நெவில்: பிரமாதம். இதுவே போதும். இதைப் படிச்சாலே படம் பார்த்த மாதிரி இருக்கு. கேக்கை வெட்டு.

கெரி: போடறேன்.

லொரெய்ன்: டீ ஆறிடும்...

கெரி: போட்டாச்சு! ஏய், அந்தப் பாட்டு! அப்பா, நீ குளிக்கறப்போ விசிலடிக்கறது இதுதானா?

நெவில்: அடடா... அந்தக் கோட்டைப் பாரு. செத்துப்போன மாமாவோட ராணுவக் கோட்டு. எல்லாப் பகுதியிலயும் அதையே போட்டுக்கிட்டு வருவான். உள்ள இன்னொரு ஆள் நிக்கலாம்.

லொரெய்ன்: நாம பார்த்தப்போ இவனுக்கு இவ்வளவு வயசு கம்மியா இருந்ததா? சின்னப் பையன் மாதிரி இருக்கான்.

நெவில்: நாமதான் கிழமாயிட்டோம் கண்ணு.

கெரி: இதுல என்ன வேலை அவனுக்கு?

நெவில்: கடற்கரையில குழந்தைங்களைக் கழுதை மேல ஏத்தி ஓட்டற வேலை. ஆறு கழுதை. இவனுக்குக் கழுதையை அதட்டத் தெரியாது, 'தயவுசெஞ்சு'ன்னு சொல்லுவான். அதுங்க நகராது. இதோ, இவன் தங்கியிருக்கிற வீட்டுக்காரம்மா வந்துட்டா.

டிவி: மிஸ்டர் பிம்லாட்! என் மாடிப்படியில நிக்கறது என்ன?

டிவி: கழுதைதாங்க.

டிவி: கழுதைன்னு தெரியுது. ஏன்னு கேட்டேன்.

டிவி: அதுக்குத் தனியாத் தூங்கப் பயமாம்ங்க.

டிவி: ...பரவாயில்லை, பிம்லாட். காலைத் தொடைச்சுக்கிட்டு வரச் சொல்லு.

கெரி: ஹா ஹா! நாலு காலையுமா?

நெவில்: பாரு பாரு, துடைக்கறான்! ஒவ்வொரு காலா... ஐயோ, என்னால முடியல...

லொரெய்ன்: நெவில், மூச்சு விடு. முகமெல்லாம் செவந்துபோச்சு.

நெவில்: இப்ப வருவார் பாரு முதலாளி. வயசாயிடுச்சுன்னு இந்தக் கழுதையைக் கசாப்புக்குக் குடுக்கச் சொல்லுவார். இவன் ராவோட... இல்ல, ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான், அதை இழுத்துக்கிட்டு ஊரை விட்டே கிளம்பிடுவான். கையில காசில்ல, போக எடமில்ல, கழுதை மட்டும்.

கெரி: அழறியாப்பா?

நெவில்: இல்ல. கேக்குல மிளகு தூக்கலா இருக்கு.

கெரி: கேக் இன்னும் வெட்டவேயில்ல.

லொரெய்ன்: கெரி... பதினஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு. மீதியை ஓட்டிடு. முடிவுதான் நல்லாருக்கும்.

கெரி: முடிவு யாருக்கு வேணும்? நமக்கு வேண்டிய கழுதைக் காட்சி பதினேழாவது நிமிஷம்னு உறையில போட்டிருக்கு. இதோ... கடற்கரை வந்துடுச்சு!

நெவில்: எனக்குப் பாத்ரூம் போகணும்.

கெரி: உக்காரு!

லொரெய்ன்: எனக்கும்தான்.

கெரி: ரெண்டு பேருமே உக்காருங்க! இது பழைய ஐஸ்க்ரீம் கடை இல்ல? இப்ப அங்க போன் கடை இருக்கு. இதோ பஸ் ஸ்டாப்பு, இதோ வரிசை. பிம்லாட் வர்றான், கழுதை வருது...

டிவி: ரெண்டு டிக்கெட் குடுங்க. எனக்கு ஒண்ணு. இதுக்கு அரை.

டிவி: என்ன வயசு அதுக்கு?

டிவி: நாலு.

டிவி: அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட் வேணாம். மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போ. கீழ நிக்க எடமில்ல.

கெரி: நிறுத்தறேன்... நிறுத்திட்டேன். வரிசையில ஒண்ணு... ரெண்டு... மூணு. கையில சிப்ஸ். அப்பா.

நெவில்: ம்.

கெரி: மூணாவது ஆள் கன்னியாஸ்திரீ.

நெவில்: அப்படியா? கண்ணாடியை எங்க வெச்சேன்...

கெரி: மூக்குல இருக்கு. வெள்ளை முக்காடு, கழுத்துல சிலுவை, கையில சிப்ஸ். கழுதை அவங்க சிப்ஸைத்தான் தின்னுது.

நெவில்: நான்... நாலாவதா இருக்கலாம்.

கெரி: நாலாவது ஒரு தாத்தா. அஞ்சாவது நாய் வெச்சிருக்கிற அம்மா. ஆறாவது அந்த நாய்.

நெவில்: வெட்டியிருப்பாங்க. இந்த டிவிகாரங்க அப்படித்தான். நல்லா நடிக்கறவனைப் பார்த்தா வெட்டிடுவாங்க.

கெரி: சிப்ஸையும் தொப்பியையும் உன்கிட்டேருந்து புடுங்கி ஒரு கன்னியாஸ்திரீகிட்ட குடுத்தாங்களா? அப்பா... என்னைப் பாரு. நீ இதுல இருக்கியா, இல்லையா?

நெவில்: ...இல்ல.

கெரி: எப்பவுமே இல்லையா?

நெவில்: எப்பவுமே இல்ல.

கெரி: கடவுளே! ஸ்கூல் மேடையில ஏறிச் சொல்லியிருக்கேன்! என் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்! நாப்பது பேர் சனிக்கிழமை வர்றாங்க!

நெவில்: போஸ்டர்ல என் பேருக்கு மேல மழை பெஞ்சு அழிஞ்சிருக்க வாய்ப்பிருக்கா?

கெரி: பிளாஸ்டிக் போஸ்டர்!

லொரெய்ன்: சரி, விடு. தெரிஞ்சுபோச்சு இல்ல, அதோட விடு. மனுஷன் ஒரு பொய் சொன்னார், கல்யாணம் ஆச்சு, நீ பொறந்தே. ரிமோட்டைக் குடு, அணைச்சுடறேன்.

கெரி: உனக்குக் கோவமே வரலையா? உன்னை மூணு மணி நேரம் காக்க வெச்சுட்டுப் பொய் சொல்லியிருக்கார்மா!

லொரெய்ன்: பழைய கதை. ரிமோட்டு.

கெரி: ஏன் இழுக்கறே? விடும்மா... இரு. இரு இரு. கன்னியாஸ்திரீ முக்காட்டுக்குப் பின்னால, பாதி மறைஞ்சு... அந்த மஞ்சக் கோட்டுப் பொண்ணு யாரு?

லொரெய்ன்: யாரோ.

கெரி: என் மூக்கு அது.

லொரெய்ன்: ஊர்ல எத்தனையோ மூக்கு.

கெரி: இவ்வளவு பெரிசா எங்க இருக்கு? அம்மா! இது நீ! அம்மா, நீ டிவியில வந்திருக்கே! ஹா! அப்பா இல்ல, நீதான்... போஸ்டரை மாத்திடலாம்! 'கிளீதார்ப்ஸ் நகரின் நட்சத்திரம் லொரெய்ன்'... ஆனா நீ வீட்ல ஜன்னல்கிட்ட உக்காந்து அப்பாவுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லுவியே?

லொரெய்ன்: காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம்... தேடிக்கிட்டுப் போனேன்.

கெரி: பெட்டியோடவா? உன் காலுக்குப் பக்கத்துல பழுப்புப் பெட்டி இருக்கு. கயிறு போட்டுக் கட்டியிருக்கு. மாப்பிள்ளையைத் தேடப் பெட்டி எதுக்கு, கிடைச்சா உள்ள போட்டுக்கிட்டு வரவா?

லொரெய்ன்: கெரி, போதும்.

கெரி: எங்கம்மா போனே?

லொரெய்ன்: ...ஹல் ஊருக்கு. நாலு நாப்பது பஸ். ஆத்தைத் தாண்டி அங்க போற புதுப் பாலம் தொறந்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. ஹல்லேருந்து ராட்டர்டாம் போற கப்பல்ல வேலை கெடைச்சிருந்தது. ரூம் பெருக்கறது, காபி குடுக்கறது. யாருக்கும் தெரியாம எழுதிப் போட்டேன், வரச் சொல்லி லெட்டர் வந்துடுச்சு.

கெரி: அப்பாவை விட்டுட்டா?

லொரெய்ன்: உங்கப்பாவைன்னு இல்ல... நெவில், இந்தப் பக்கம் பாரு, தரையைப் பார்க்காதே. உன்னைப் பிடிக்காம இல்ல. காலையில எழுந்தேன், எங்கம்மா நல்ல தட்டெல்லாம் எடுத்துத் தொடைச்சு வெச்சுக்கிட்டிருந்தா. முட்டை சாண்ட்விச்சு ஓரமெல்லாம் வெட்டி அடுக்கியிருந்தா. அதைப் பார்த்ததும் பயம் வந்துடுச்சு. அந்த டீயைக் குடிச்சா முடிஞ்சுது. மீன் பாக்டரி, கல்யாணம், ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு, சாகற வரைக்கும் இதே தெரு. இருபத்திரெண்டு வயசு. ஒரு தடவைகூட வேணாம்னு சொன்னதில்ல எதுக்கும். தலைவலி, படுக்கறேன்னு சொல்லிட்டுப் பின்வாசல் வழியா ஓடிட்டேன்.

கெரி: அப்புறம் ஏன் போகலை?

லொரெய்ன்: போக விட்டாத்தானே! ஸ்டாப்புல போய் நிக்கறேன், ஒருத்தன் அட்டையும் பேனாவுமா ஓடி வர்றான். 'மேடம், அப்படியே நில்லுங்க, நகராதீங்க, கேமராவைப் பார்க்காதீங்க.' நான் மாட்டேன்னு சொல்றேன், அவன் சிரிக்கறான். 'கூச்சப்படாதீங்க'ங்கறான். ஒரே ஒரு தடவைன்னான். அந்தக் கழுதை சொன்ன பேச்சைக் கேக்கலை. அஞ்சு தடவை எடுத்தாங்க. படத்துக்காக அவங்க கொண்டாந்த பொய் பஸ்ஸு ஸ்டாப்பை அடைச்சுக்கிட்டு நிக்குது. நிஜ பஸ் அந்தப் பக்கமா சுத்திக்கிட்டுப் போயிடுச்சு.

கெரி: ஒரு கழுதை ஒழுங்கா நடிச்சிருந்தா நான் பொறந்திருக்க மாட்டேனா?

லொரெய்ன்: ஊர் முழுக்க டிவியில பார்க்குமே, எங்கப்பா பெட்டியைப் பார்ப்பாரேன்னு ஆறு மாசம் எனக்குத் தூக்கமில்ல. ஒளிபரப்பான அன்னிக்குச் சோபாவுக்குப் பின்னால நின்னு சாமி கும்பிட்டுக்கிட்டிருந்தேன். நல்லவேளை, படம் போச்சு.

கெரி: பக்கத்து வீட்டுக்காரங்க?

லொரெய்ன்: எல்லாரும் எங்க வீட்லதானே இருந்தாங்க! தெருவுல பெரிய வண்ண டிவி அது ஒண்ணுதான்.

கெரி: அப்பா, நீ என்ன பேசாம இருக்கே? அம்மா உன்னை விட்டுட்டுக் கப்பலுக்குப் போகப் பார்த்தாங்கறா. நீ ஆச்சரியப்படவே இல்லையே.

நெவில்: ஆச்சரியந்தான்.

கெரி: இது ஆச்சரியப்படற மூஞ்சியில்ல. இது பல் டாக்டர்கிட்ட உக்காந்திருக்கிற மூஞ்சி. இரு... ஒண்ணு கேக்கறேன். அந்த நாடகம் மார்ச்சுலதான் வந்துச்சு. ஆனா செப்டம்பர்லயே, அன்னிக்குச் சாயங்காலமே, கழுதை சிப்ஸைத் தின்னுச்சுன்னு தாத்தாகிட்ட சொன்னியாமே. அது எப்படித் தெரியும் உனக்கு?

லொரெய்ன்: பதில் சொல்லு நெவில்.

நெவில்: முன்வாசல் வழியா வரப் பயமா இருந்துச்சு. உங்கப்பா கோட்டோட உக்காந்திருப்பார்னு தெரியும். பின்சந்துல வந்து நின்னு, என்ன பேசணும்னு சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தேன். 'சார், எனக்கு இப்ப வேலை இல்ல, ஆனா...' அந்த 'ஆனா'வுக்கப்புறம் ஒண்ணும் தோணலை. அப்பதான் பின்கதவு தொறந்துச்சு. நீ வந்தே. பெட்டியோட.

லொரெய்ன்: வீட்டு வாசல்லயே பார்த்துட்டியா?

நெவில்: குப்பைத்தொட்டிக்குப் பின்னால இருந்தேன். நீ போனே. நானும் பின்னாலயே வந்தேன்.

லொரெய்ன்: ஏன் கூப்பிடலை?

நெவில்: என்னன்னு கூப்பிடறது? வேலையில்லாதவன், கையில அரைக் கொத்துப் பூ... 'போகாதே'ன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஐஸ்க்ரீம் கடைக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். பஸ் வர்ற நேரம். அந்த அட்டைக்காரன் என்கிட்ட வந்து, 'நீங்க வரிசையில நிக்கறீங்களா?'ன்னு கேட்டான். நான் வேணாம்னேன்.

கெரி: வேணாம்னியா! உண்மையிலயே கூப்பிட்டிருக்காங்க, நீ வேணாம்னுட்டியா?

நெவில்: அதுக்குப் பதிலா... 'அதோ அந்த மஞ்சக் கோட்டுப் பொண்ணைக் கேளுங்க'ன்னேன். 'அவளுக்குச் சின்ன வயசிலேருந்து டிவியில வரணும்னு உசிரு. ரொம்பக் கூச்சம். மாட்டேன் மாட்டேன்னு சொல்லுவா, விட்டுடாதீங்க'ன்னேன்.

லொரெய்ன்: நீயா!

நெவில்: நான்தான்.

லொரெய்ன்: நீயாடா சொன்னே! அஞ்சு தடவை! அந்தக் கழுதை என் தோள்ல எச்சில் விட்டுச்சு! அந்தக் கோட்டை மூணு தடவை தோய்ச்சேன்!

கெரி: அம்மா, தலையணையைக் கீழ வை. கேக்கு மேல விழும்.

லொரெய்ன்: அந்த ஆன்டெனா?

நெவில்: படம் போனதே என்னாலதான், உங்கப்பா பெட்டியைப் பார்த்துடக் கூடாதுன்னு முன்னாடியே ஏறிட்டேன். அஞ்சு நிமிஷம் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுச் சுத்திக்கிட்டிருந்தேன். கீழேருந்து 'இடப்பக்கம்! இடப்பக்கம்!'னு கத்தறார். நான் வலப்பக்கமாவே திருப்பறேன். மார்ச் மாசக் காத்து, கை மரத்துப்போச்சு.

கெரி: எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்களாமே, ஒரு ஆன்டெனாவைக்கூடத் திருப்பத் தெரியலைன்னு.

நெவில்: சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

லொரெய்ன்: நாப்பத்துமூணு வருஷமா பப்புல உக்காந்து கழுதைக் கதை சொல்லிக்கிட்டிருந்தியே... தொப்பி, விரல்...

நெவில்: நான் நிறுத்தினா யாராவது வேற ஏதாவது கேப்பாங்களோன்னு பயம். அந்த வரிசையில வேற யாரு இருந்தாங்கன்னு யாருக்கும் கேக்கத் தோணக் கூடாதில்ல? அதான் கழுதையைப் பெரிசாக்கிக்கிட்டே போனேன்.

கெரி: அப்பா...

நெவில்: கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடணும்னு நெனைச்சேன். சொன்னா, நீ ஓடினதை நான் பார்த்தேன்னு உனக்குத் தெரிஞ்சுடும். அந்த வெக்கத்தை உனக்கு ஏன் குடுக்கணும்? அப்புறம் கெரி வந்துட்டா. ஆனா லொரெய்ன், நீ கரையில நின்னு ஆத்து முகத்துவாரத்துல கப்பல் போறதைப் பார்க்கறே பாரு... அப்பல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்குவேன். நான் ஒரு வார்த்தை நேரா வந்து கேட்டிருக்கலாம். கேக்காம, திருட்டுத்தனமா அந்த பஸ்ஸை உனக்கு இல்லாமப் பண்ணிட்டேன். நீயா இருந்தியா, வேற வழியில்லாம இருந்தியான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

கெரி: அம்மா, ஏதாவது சொல்லேன்.

லொரெய்ன்: என்ன சொல்றது? இந்த ஆளுக்கு பஸ் நேரம்கூடத் தெரியலை.

நெவில்: என்ன?

லொரெய்ன்: அன்னிக்கு நாலு நாப்பதுக்கப்புறம் ஆறு பத்துக்கு இன்னொண்ணு இருந்தது நெவில். அதுவும் வந்துச்சு. கண்டக்டர் என் பெட்டியைத் தூக்கி உள்ளகூட வெச்சுட்டார். ஒரு காலைப் படியில வெச்சுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் போயாச்சு, கழுதைகூடப் போயாச்சு. ஐஸ்க்ரீம் கடைக்குப் பின்னால மட்டும் ஒரு பூங்கொத்து நீட்டிக்கிட்டிருந்துச்சு, கண்ணை மூடி முகத்தை அதுக்குள்ள புதைச்சிருந்தே, மேல செவசெவன்னு ரெண்டு காது. நான்தான் கண்டக்டர்கிட்ட பெட்டியை எறக்கச் சொன்னேன்.